ஜில்லு திரும்பிப் போன வண்டி

“வண்டி ஜில்லுன்னு இருக்கணும். நான் வந்து கை வைக்கிற வரைக்கும் சாவியை யாரும் தொடக் கூடாது.”

போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் இதற்குப் பிறகு, அதுவும் ஞாபகம் வந்தால். பழைய லோடர் டிராக்டர் வாங்கப் போகிறவர்கள், ஏமாந்துவிடக் கூடாதே என்று அவரைத் துணைக்கு அழைத்துப் போவார்கள். அவர் பார்த்து, தட்டி, முகர்ந்து, இன்ன விலை தரலாம் என்று சொல்வார். இருபத்தாறு வருடமாக அதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி ஜில்லு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் தபால்காரருக்கே கொஞ்சம் யோசனை வரும்.

லோடர் என்பது வேறொன்றுமில்லை, முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பெரிய வாளியும் மாட்டிய டிராக்டர். மண், ஜல்லி, எரு எதுவானாலும் அள்ளித் தூக்கிக் கொட்டும். ஜில்லு பார்க்கிறவை எல்லாம் முப்பது, நாற்பது வயதைத் தாண்டிய கிழட்டு வண்டிகள். புது வண்டி வாங்குகிறவனுக்கு அவர் எதற்கு?

குளிர்ந்த என்ஜினில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார். வாழ்க்கையில் அவர் பொறுமையாக இருந்த சொற்ப இடங்களில் அது ஒன்று. ராத்திரி முழுக்க நின்று ஆறிப்போன டீசல் என்ஜின் எதையும் மறைக்காது. உள்ளே தேய்ந்திருந்தால் முக்கும், முனகும், வெள்ளைப் புகை கக்கும், நாலைந்து தடவை சாவியைத் திருகினால்தான் உயிர் வரும். அதே என்ஜினை நாம் போவதற்கு அரை மணி முன்னால் ஓடவிட்டுச் சூடேற்றி வைத்தால், தொட்டதும் கிளம்பி நல்ல பிள்ளையாக நிற்கும். விற்கிறவர்களின் வழக்கமான தில்லுமுல்லு அது. ஆகவே ஜில்லு போனதும் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் நேரே என்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தெரிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பார். அவ்வளவுதான், பேச்சே கிடையாது. ‘ஜில்லு திரும்பிப் போன வண்டி’ என்று பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் அதைப் பழைய இரும்புக்காரன்தான் கிலோ கணக்கில் எடுத்துப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட தொழிலில் சிநேகிதர்கள் சேர மாட்டார்கள். விற்கிறவன் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாங்குகிறவன் வேலை முடிகிற வரை ‘அண்ணே அண்ணே’ என்று குழைவான், முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவான். விற்றவன் பணத்தோடு வீட்டுக்குள் போவான், வாங்கியவன் வண்டியோடு ஊருக்குப் போவான், ஜில்லு கிரீஸ் கையோடு பஸ்ஸில் போவார். இவ்வளவு வருடத்தில் எந்த வீட்டிலும் அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை. அவருக்கும் அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை, மனைவி உயிரோடு இருந்த வரை.

அவர் குடியிருந்தது ஒரு பேரிங் கடையின் மாடியில், ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இரண்டு தட்டு. இரண்டாவது தட்டைக் கழுவ வேண்டிய அவசியம் வந்து நாலு வருடம் ஆகிறது. அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். அதில் மனைவியின் கையெழுத்தில் மகளுடைய போன் நம்பர், அதற்குக் கீழே ‘காலை 6’ என்று ஒரு குறிப்பு. மகள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அம்மாவும் பெண்ணும் தினமும் அந்த நேரத்தில்தான் பேசுவார்கள். ஜில்லு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தூங்குகிற மாதிரி, ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். ‘அப்பாவா? இருக்காரு. தூங்குறாரு’ என்பாள் மனைவி. அவர் தூங்கவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

மகளுடன் பேச்சு நின்றதற்குக் காரணமும் இந்தப் பாழாய்ப்போன உள்ளங்கைதான். ஒன்பது வருடம் முன்பு அவள் தனக்குப் பிடித்த பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். மோட்டார் பம்ப் கடையில் விற்பனை வேலை. வந்ததிலிருந்து சிரித்தான். தண்ணீர் கொடுத்தால் சிரித்தான், மின்விசிறி நின்றபோதும் சிரித்தான், ‘மாமா மாமா’ என்று ஒட்டிக்கொண்டான். கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் காதில் விழும்படியே ஜில்லு சொன்னார்: “நாம பாக்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்ச வண்டிம்மா இது. என்னத்தையோ மறைக்குது.”

மகள் இரண்டே மாதத்தில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி மனைவி எத்தனையோ முறை கெஞ்சினாள். ஜில்லு அசையவில்லை. ஒரு தடவை சொன்ன சொல்லை மாற்றினால் சந்தையில் யார் மதிப்பார்கள்? வீடு வேறு சந்தை வேறு என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மனைவி இறந்தபோது மகள் வந்தாள், அழுதாள், போனாள். அதற்குப் பிறகு காலை ஆறு மணிக்கு அந்த அறையில் சத்தமே இல்லை.

தையல்காரம்மாவின் வண்டியை அவர் பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.

அவரைக் கூட்டிப் போனவர் ஒரு செங்கல் சூளைக்காரர். தையல்காரம்மா வீட்டின் முன்னறையில் துணி தைத்துக்கொண்டிருந்த விதவை. அவள் கணவர் அந்த லோடரை வைத்துத்தான் வாழ்நாள் முழுக்க ஜல்லி அள்ளினார். அவர் போய் எட்டு மாதம். வண்டி நின்ற கொல்லை குத்தகை இடம். மாதக் கடைசிக்குள் காலி செய்து தரும்படி இடத்துக்காரர் சொல்லிவிட்டார். அவள் தம்பி வீட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோகிறாள். மாடிக்கு டிராக்டரையா தூக்கிக்கொண்டு போக முடியும்? அதற்குள் விற்றால் ஓடுகிற வண்டியாக விற்கும், இல்லாவிட்டால் இரும்புக்காரன் கையில்தான்.

ஜில்லு வழக்கம்போல நேரே போய்க் கையை வைத்தார். கை வெதுவெதுப்பை உணர்ந்தது. அவர் முகம் சுருங்கியது.

“போன்ல தெளிவாச் சொன்னேனே. சாவியைத் தொடாதீங்கன்னு.”

தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றாள். “இல்ல சார், அது வந்து...”

“எல்லாரும் இதைத்தாம்மா சொல்வாங்க, ‘அது வந்து’. எனக்கு இதுல இருபத்தாறு வருஷம்.”

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்நிய ஆண்கள் இரண்டு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஏதோ தொண்டையில் நின்றது என்று யாருக்கும் பட்டிருக்கும். ஜில்லு ஆளைப் பார்த்தால்தானே? வண்டியைத்தான் பார்ப்பார். சூளைக்காரர் உச்சுக்கொட்டிக்கொண்டு காரை எடுத்தார். வியாழக்கிழமைக்குள் விஷயம் சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

அந்த அவசரத்தில் ஜில்லு தன் மூக்குக்கண்ணாடியை வண்டியின் மட்கார்டு மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அது இல்லாமல் என்ஜின் நம்பர் படிக்க முடியாது. போய்க் கேட்கவோ மனசு வரவில்லை, முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டு எந்த முகத்தோடு போவது? அந்தம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் போய்க் காதும் காதும் வைத்தாற்போல எடுத்து வந்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனார். கொல்லைக்குக் கதவு கிடையாது, ஒரு கம்பி மட்டும் குறுக்கே கட்டியிருந்தது. அவர் கம்பியில் கை வைத்தபோது மணி ஆறு. பின்கதவு திறந்தது.

தையல்காரம்மா ஒரு கையில் டம்ளருடன் வந்தாள். ஏறி உட்காரவில்லை. கீழே நின்றபடியே எட்டிச் சாவியைத் திருகினாள். ராத்திரி பூராவும் பனியில் நனைந்து கிடந்த என்ஜின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. ஒரு வாய் கறுப்புப் புகை, அப்புறம் தெளிந்துவிட்டது. முக்கல் இல்லை, முனகல் இல்லை. ஜில்லுவின் காது அவரைக் கேட்காமலேயே மதிப்புப் போட்டது: இந்த வயசுக்கு இப்படி ஒரு என்ஜினை அவர் நாலைந்து வருடமாகப் பார்க்கவில்லை.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். குடித்தாள். ஏதோ பேசினாள்கூட, சத்தத்தில் கேட்கவில்லை. திரும்பியபோது அவரைப் பார்த்துவிட்டாள்.

“கண்ணாடி,” என்றார் ஜில்லு, திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி.

“எடுத்து உள்ள வச்சிருக்கேன்.” அவள் வண்டியை நிறுத்தவில்லை. சத்தத்தை மீறிப் பேசினாள். “தினமும் கால் மணி நேரம் ஓட விடலேன்னா பேட்டரி இறங்கிடும்னு அவர் சொல்லுவாரு.”

“சரிதான். ஆனா அன்னைக்கு ஒரு நாள் விட்டிருக்கலாமே.”

அவள் டம்ளரை மட்கார்டு மேல் வைத்தாள். “பேட்டரி எல்லாம் சும்மா ஒரு சாக்குதாண்ணே. முப்பத்தொரு வருஷம் இந்தச் சத்தத்துலதான் கண்ணு முழிச்சேன். இப்ப காலைல எழுந்தா வீடு... என்னன்னு சொல்றது. சத்தமே இல்ல. இதை ஓட விட்டாத்தான் அடுத்த வேலை ஓடுது. இதைப் போய் அன்னைக்கு உங்க ரெண்டு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது?”

 ஆறு மணிச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஜில்லுவுக்குத் தெரியாதா? நாலு வருடமாக அதில்தானே படுத்துக் கிடக்கிறார். வெட்கமாக இருந்தது. கண்ணாடியை வாங்கிக்கொண்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவள் சொன்னது முதலில் அவருக்குப் புரியவில்லை, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு போய் வெட்டுத்துணிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்.

அன்று மத்தியானமே சூளைக்காரருக்குப் போன் செய்தார். தொழிலில் முதல்முறையாகச் சொன்னதை மாற்றினார். “அந்த வண்டி நல்ல வண்டி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. “அப்படியாண்ணே? அந்தம்மா எவ்வளவு வெட்டுனாங்க?”

ஜில்லு போனை வைத்துவிட்டு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரே கேள்வியில் போயிற்று. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சொல்லி ஆற ஒரு ஆள் இல்லை. இவர் ஊரையெல்லாம் பார்த்த அதே கண்ணால் ஊர் இவரைப் பார்த்திருக்கிறது, இதில் யாரைக் குற்றம் சொல்ல?

ஒரு வாரம் ஆள் தேடி அலைந்து, நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஒருவரைப் பிடித்தார். மண் அள்ள அவருக்கு ஒரு பழைய லோடர் தேவைப்பட்டது. சந்தேகப் பேர்வழி, ஜில்லு பணம் வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினார் என்ற வதந்தியும் அவர் காதுக்குப் போயிருந்தது. ஜில்லு முன்கூட்டியே தையல்காரம்மாவிடம் சொல்லி வைத்தார்: “ஏம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஸ்டார்ட் பண்ணாம இருங்க. அவரே கை வச்சுப் பாக்கட்டும். அப்பத்தான் நம்புவாரு.”

“ஒரு நாள்தானே. இருந்துடறேன்,” என்றாள்.

மறுநாள் பத்து மணிக்குப் போனார்கள். மாதம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. வீட்டில் பாதி சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. ஜில்லு முதலில் கையை வைத்தார். சூடு.

அவர் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். “முடியலண்ணே,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். “ஏழு மணி வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

நாற்றுப்பண்ணைக்காரர் வந்து தானும் கை வைத்தார். புருவத்தைத் தூக்கினார். “என்ன சார், உங்க கணக்குப்படி இது திரும்பிப் போற வண்டியாச்சே?”

ஆறியிருக்கிறது என்று சொல்லிப் பயனில்லை, கை வைத்தவருக்கே சூடு தெரிகிறது. வேறு ஏதாவது சாக்குச் சொல்லலாம். ஜில்லுவுக்குச் சாக்குச் சொல்லவும் வராது. கையைத் துடைக்காமல் என்ஜின் மேலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: “சூடாத்தான் இருக்கு. தினமும் காலைல ஓடவிடறாங்க. அது அவங்க வீட்டு விஷயம், வியாபார விஷயம் இல்ல. போன வாரம் ஆறு மணிக்கு, ஜில்லுன்னு கிடந்தப்ப, இது ஒரே திருகல்ல கிளம்புனதை என் கண்ணால பாத்தேன். நம்புனா வாங்குங்க. இல்லேன்னா விட்டுடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“மத்தது?”

“மத்ததை இப்பப் பாப்போம். அதுல ஒரு துளி சலுகை கிடையாது.”

அப்படியே பார்த்தார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. ஆயில் குச்சியை இழுத்து விரலில் தேய்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருக்கும், இது வெளுக்கவில்லை. வாளிக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து நெம்பினார், மூட்டுகளில் இருக்கும் புஷ் வளையங்கள் தேய்ந்து ஆட்டம் இருந்தது. “நாலும் மாத்தணும்,” என்றார். இடது இரும்புக் கையில் பெயிண்டுக்குக் கீழே பழைய வெல்டிங் ஒன்று இருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார். பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்க, ஓடிய மணி நேரம் காட்டும் மீட்டரோ வண்டி நேற்றுப் பிறந்த மாதிரி சொற்பக் கணக்குக் காட்டியது. “மீட்டர் செத்து ரொம்ப நாளாச்சு. அதைப் பாக்காதீங்க, ரப்பரைப் பாருங்க.”

கடைசியாக ஈர மணலை அள்ளி வாளியைத் தூக்கி நிறுத்தி என்ஜினை அணைத்தார். தூக்கும் தண்டின் பளபளப்பான பாகத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். உள்ளே ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்தால் வாளி தானாகவே கீழே இறங்கும், கோடும் நகரும். மூன்று பேரும் நின்றார்கள். யாரும் பேசவில்லை. தையல்காரம்மா மட்டும் கோட்டைப் பார்க்காமல், ஓசையடங்கிய என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் கோடு இரண்டு விரல் இறங்கியிருந்தது.

“ரெண்டு விரல். இந்த வயசுக்குப் பரவாயில்ல. ஆனா விலையில குறைக்கணும்,” என்றார் ஜில்லு. தையல்காரம்மாவின் வண்டி என்று பார்க்கவில்லை. என்ன பெறுமோ அதைச் சொன்னார், ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை. ஒருவேளை அந்தக் கறாரைப் பார்த்துத்தான் நாற்றுப்பண்ணைக்காரர் முதல் வார்த்தையையும் நம்பியிருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

மறுநாள் லாரி வந்தது. வண்டியை ஏற்றிக்கொண்டு போனபின் கொல்லையில் எண்ணெய்க் கறை ஒன்றும் நாலு சக்கரத் தடமும்தான் மிச்சம்.

“இனிமே காலைல என்னம்மா பண்ணுவீங்க?” என்று கேட்டார் ஜில்லு.

“மாடி வீட்டுக்குப் பக்கத்துல மூணு வாலுப் பிள்ளைங்களாம். அஞ்சு மணிக்கே கத்த ஆரம்பிச்சிடும்னு தம்பி பயமுறுத்துறான்.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “உங்களுக்கு யாருண்ணே இருக்காங்க?”

“ஒரு பொண்ணு இருக்கா,” என்றார் ஜில்லு. அப்புறம் சேர்த்துக்கொண்டார்: “மாப்பிள்ளையும்.”

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த நம்பரை அழுத்தினார். எடுத்தது மருமகன்.

“மாமாவா! எப்படி இருக்கீங்க மாமா? உடம்பு நல்லா இருக்கா? சாப்பாடெல்லாம் எப்படி?” ஒன்பது வருடமாக இந்த போனுக்காகவே காத்திருந்தவன் மாதிரி குரலில் அவ்வளவு சூடு. ஜில்லுவுக்குப் பழக்கதோஷத்தில் சந்தேகம்தான் முதலில் எட்டிப் பார்த்தது. அதை விரட்டினார்.

“மாப்பிள்ளை, அன்னைக்கு வாசல்ல நான் ஒண்ணு சொன்னேனே. அது தப்பு.”

 மருமகன் மெல்லச் சொன்னான்: “நான் அன்னைக்கு பயந்து போயிருந்தேன் மாமா. பயம் வந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். இப்பவும் அப்படித்தான்.”

ஜில்லு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். இவ்வளவுதானா? இதற்கா ஒன்பது வருடம்?

“அவ குளிச்சிட்டு இருக்கா. கூப்பிடச் சொல்றேன் மாமா.”

அன்று முழுக்க போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மகள் கூப்பிடவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி செய்தார், அடித்து அடித்து நின்றது. மூன்றாம் நாள் மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தாள்.

“என்னப்பா வேணும்?”

அந்தக் குரலில் இருந்த ஜில்லிப்புக்கு அவர் தகுதியானவர்தான், அது அவருக்கே தெரியும். “ஒண்ணும் வேணாம்மா.”

“அப்புறம் எதுக்கு தினமும் பண்றீங்க?”

 எத்தனையோ யோசித்து வைத்திருந்தார், ஒன்றும் வாயில் வரவில்லை. “தினமும் ஓட விடலேன்னா பேட்டரி இறங்கிடும்னு ஒரு அம்மா சொன்னாங்க,” என்றார்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ பின்னால் பாத்திரம் உருளும் ஓசை, மருமகன் எதற்கோ சிரிக்கும் ஓசை. அவள் பேசவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை.

ஜில்லு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு தாண்டி ஒரு நிமிடம். கால் மணி நேரம் பேசாமல் காத்திருப்பது அவருக்குப் பழகிய வேலைதான்.